பத்து நாள் மௌனமா, எட்டு வார மூச்சு வகுப்பா? சிறைக்குள் எது தாங்குகிறது

அனுமதிக் கடிதம் கைக்கு வந்த அன்று சாயங்காலமே எனக்கும் நண்பருக்கும் சண்டை. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டல் பொட்டலம் ஆறிப்போகும்வரை வாதாடினோம். இந்தப் பக்கத்துச் சிறை ஒன்றில் சனிக்கிழமைதோறும் காலையில் இரண்டு மணி நேரம் எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். மனச்சோர்வில் இருக்கும் சிறைவாசிகளுக்கு உதவியாக ஏதாவது நடத்தலாம்; என்ன நடத்துவது என்பதை நாங்கள்தான் எழுதித் தரவேண்டும்.

நான் மனநல சமூகப் பணியாளர், மஞ்சக்குப்பத்தில் வீடு. நண்பர் புதுச்சேரிக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், விபாசனா என்ற மௌனத் தியானப் பயிற்சியில் பத்து நாள் முகாமை மூன்று முறை முடித்தவர். அவருக்கு அதுதான் வேண்டும். எனக்கு மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இப்போது நடப்பதைக் கவனிக்கப் பழகுவது, அதன் அடிப்படையிலான எட்டு வார வகுப்பு. கடைசியில் என் பக்கம் ஜெயித்தது, அதாவது முதல் சனிக்கிழமைவரை ஜெயித்தது. புத்தகத்தில் இருக்கிறபடி நடத்திய எட்டு வார வகுப்பு நாலாவது வாரமே படுத்துவிட்டது. அதைத் தட்டி நிமிர்த்தி ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். சாய்வு இருக்கிறது, ஒளிக்கப் போவதில்லை.

முதலில் மாத்திரை. அதோடு எந்த வகுப்பும் போட்டி போடக் கூடாது. நடுத்தரத்தைத் தாண்டிய மனச்சோர்வுக்கு மருத்துவர் பார்க்கவேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சிறை மருத்துவர்களுக்கு அடிப்படை மனநலச் சிகிச்சையில் பயிற்சி தரச் சொல்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் யூனியன் பிரதேசத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் வேண்டும் என்கிறது. ஃப்ளூஆக்ஸெடின், செர்ட்ராலின், எஸ்சிடலோப்ராம் எல்லாம் பெரிய விலை இல்லை. பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும், அதற்குள் ஜாமீன் வந்துவிடும். வெளியே போகிற அவசரத்தில் மருந்துச் சீட்டு யாருக்கு ஞாபகம் இருக்கும்? திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கம் கெடுதல். ஃப்ளூஆக்ஸெடின் உடம்பில் நாள்கணக்கில் தங்குவதால் அதில் இந்தத் தொல்லை குறைவு. "வகுப்புக்குத்தான் வர்றேனே சார், மாத்திரைய நிறுத்திடட்டா?" என்று கேட்டவர்களை எல்லாம் டாக்டரிடமே திருப்பி அனுப்பினோம்.

யோகாவை நீட்டவேண்டாம். உடம்பு லேசாகும், கொஞ்சம் தூக்கம் வரும், நல்லதுதான். ஆனால் "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று மனசுக்குள் ஓடுகிற பேச்சை நேராகத் தொட வேறு ஏதாவது வேண்டும்.

யாருக்கு மனச்சோர்வு என்று கண்டுபிடிப்பதே ஒரு தலைவலி. உள்ளே யாரும் "மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. நெஞ்சு அடைக்குது, தலை கனக்குது, சோறு எறங்கல. நாங்கள் வெளியில் பயன்படுத்தும் ஒன்பது கேள்வித் தாள் ஒன்று உண்டு. மொத்தம் 27 மதிப்பெண், 10-ஐத் தொட்டாலே கவனிக்கவேண்டும். அதில் தூக்கத்துக்கு ஒரு கேள்வி, பசிக்கு ஒரு கேள்வி. ராத்திரி முழுக்க விளக்கு எரிகிற அறையில் யாருக்குத்தான் தூக்கம் சரியாக இருக்கும்? மனசு நன்றாக இருப்பவருக்கும் நாலைந்து மதிப்பெண் சும்மா ஏறிவிடும். கடைசிக் கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. அதற்கு உண்மையைச் சொன்னால் கண்காணிப்பில் வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் எல்லாரும் "இல்லை" போடுவார்கள். 2022-ல் இந்தியச் சிறைகளில் நடந்த இயற்கைக்கு மாறான மரணங்கள் 159, அவற்றில் 119 தற்கொலை என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. அதனால் தாளை நம்பி ஆள் எடுப்பதை விட்டோம். யார் மனு பார்க்க, அதாவது சிறைக்கு நேரில் சந்திக்க, வந்த சொந்தக்காரரைப் பார்க்க எழுந்து போகாமல் இருக்கிறார், யார் இரண்டு வேளை தட்டைத் திருப்பி வைக்கிறார் என்று வார்டர்களிடம் கேட்டோம். அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி நண்பரின் கட்சி. அதற்குச் சரித்திரம் இருக்கிறது. விபாசனா ஆசிரியர் எஸ். என். கோயங்கா 1975-ல் ஜெய்ப்பூர் மத்தியச் சிறையில் முதல் முகாமை நடத்தினார். 1994-ல் டெல்லி திகார் சிறைக்குக் கிரண் பேடி தலைமை அதிகாரியாக இருந்தபோது ஆயிரம் பேருக்கு மேல் ஒரே முகாமில் உட்கார்ந்தார்கள். அதே ஆண்டு திகாருக்குள்ளேயே நிரந்தர மையம் வந்தது. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்போல் உட்காரவேண்டும். பேச்சு கிடையாது, எழுத்து கிடையாது. முதல் மூன்று நாள் மூச்சு மட்டும், நாலாம் நாள் முதல் உடம்பில் எழும் உணர்ச்சிகள். கட்டணம் கிடையாது என்பதும் பெரிய விஷயம். நண்பர் இதோடு நிறுத்தவில்லை. "எங்க ஊருக்கு 1910-ல வந்து இறங்குனாரே அரவிந்தர், அவரு தியானத்துல மூழ்குனது எங்க? அலிப்பூர் ஜெயில்ல. அதுவும் விசாரணைக் கைதியா ஒரு வருஷம்" என்றார்.

அரவிந்தர் மனச்சோர்வுக்கு மருந்து தேடி உட்காரவில்லை என்று சொன்னேன். சிரித்துக்கொண்டார், ஒப்புக்கொள்ளவில்லை.

நானும் ஒரு தடவை பத்து நாள் உட்கார்ந்திருக்கிறேன். ஆறாம் நாள் பையை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன், பிறகு இருந்துவிட்டேன். அந்தப் பையை மடிக்க முடியும் என்பதுதான் என்னை இருக்கவைத்தது. உள்ளே இருப்பவர் எங்கே போவார்? அதுவும் மனச்சோர்வுக்காரர். அவருக்கு நினைப்பு ஒரே தடத்தில் சுற்றிச் சுற்றி வரும். மாடு அசைபோடுவதுபோல் பழசையே மென்றுகொண்டிருப்பார். அவரைப் பத்து மணி நேரம் பேச்சில்லாமல் அந்த நினைப்போடு உட்காரவைப்பது எனக்குப் பயமாக இருந்தது. விபாசனாக்காரர்களே இதில் கவனமானவர்கள். விண்ணப்பத்திலேயே மனநோய் பற்றிக் கேட்பார்கள், கடுமையாக இருப்பவர்களை வரவேண்டாம் என்பார்கள். அப்படியானால் எங்களுக்கு யார் முக்கியமோ அவரே வாசலில் நின்றுவிடுகிறார்.

வேலை வழியாகச் சரிசெய்வது மூன்றாவது வழி. மனசு சரியானதும் வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், வேலையைத் தொட்டுவிட்டு மனசைப் பின்னால் வரவைப்பது. கோவாவில் பட்டம் எதுவும் இல்லாத சாதாரண ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறிலிருந்து எட்டு அமர்வுகளில் இதைச் செய்து காட்டினார்கள். மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவின் ஆய்வு 2017-ல் வெளிவந்தது. உள்ளபடி சொன்னால், தண்டனைக் கைதிகள் மட்டும் இருக்கிற இடமாக இருந்திருந்தால் நான் இதைத்தான் எழுதிக் கொடுத்திருப்பேன். தறி இருக்கிறது, அடுமனை இருக்கிறது, தோட்டம் இருக்கிறது. காலை எழுந்ததும் போக ஒரு இடம். விசாரணைக் கைதிக்கு அது இல்லை. அவரை வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, பெரும்பாலும் வேலை கொடுப்பதும் இல்லை. 2022 கணக்குப்படி நாட்டில் சிறைவாசிகளில் நூற்றுக்கு 75-க்கு மேல் விசாரணைக் கைதிகள். செய்வதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் "ஏதாவது செய்யுங்கள்" என்பது எப்படி?

சரி, எட்டு வாரம். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் நாள்பட்ட வலிக்காரர்களுக்காக ஆரம்பித்த வகுப்பு இதன் தாய். மனச்சோர்வுக்காக அதைத் திருத்தி எழுதியவர்கள் ஜிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள். வாரம் ஒரு வகுப்பு, இரண்டு மணி நேரம், வீட்டில் தினமும் பயிற்சி. மனச்சோர்வு வந்து போனவருக்கு அடுத்த தடவை ஒரு சின்ன வருத்தம் போதும். பழைய நினைப்பெல்லாம் ஒன்றைப் பிடித்து ஒன்று வந்துவிடும். அந்த வரிசையை ஆரம்பத்திலேயே பார்த்துவிடப் பழக்குவதுதான் பாடம். நினைப்பு வருவதைத் தடுக்க வேண்டாம், வந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும், கால் தரையில் இருக்கிறது, மூச்சு ஓடுகிறது.

இதற்கு ஆய்வு பலம் நிறைய. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடவை மனச்சோர்வு வந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 66 பேருக்குத் திரும்பி வந்தது, வகுப்பும் சேர்ந்தவர்களில் 37 பேருக்கு என்று 2000-ல் வந்த ஆய்வு சொன்னது. 2015-ல் பிரிட்டனில் 424 பேரை வைத்து, மாத்திரையைத் தொடர்வதோடு ஒப்பிட்டார்கள். இரண்டு வருடத்தில் திரும்பி வந்தது வகுப்புப் பக்கம் நூற்றுக்கு 44 பேருக்கு, மாத்திரைப் பக்கம் 47 பேருக்கு. மாத்திரையை அடித்து வீழ்த்தவில்லை, தோற்கவும் இல்லை. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை நானே காட்டிவிடுகிறேன்: இவர்கள் எல்லாரும் ஓரளவு தேறி, திரும்பி வராமல் இருக்க வகுப்புக்குப் போனவர்கள். இரவு வீட்டுக்குப் போய்ப் படுத்தவர்கள். எங்கள் ஆட்கள் மனச்சோர்வுக்கு நடுவில் இருந்தார்கள், வீட்டுக்குப் போக முடியாதவர்கள். அந்த எண்களை அப்படியே உள்ளே தூக்கிக்கொண்டு போக எனக்குத் தைரியம் இல்லை.

முதல் வகுப்பு கூத்து. உலர்ந்த திராட்சை ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்து, முகர்ந்து, மெல்ல மெல்லத் தின்பதுதான் எங்கும் முதல் பயிற்சி. உலர்திராட்சை உள்ளே போகாது. சாராய ஊறல் போட்டுவிடுவார்கள் என்ற கவலை நியாயமானதுதான். கடற்கரைச் சுண்டல் ஞாபகத்துக்கு வந்து, வேகவைத்த கொண்டைக்கடலைக்கு அனுமதி கேட்டோம், கிடைத்தது. ஆளுக்கு ஒரு கடலை. ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "எங்க ஆத்தா கை மணம் வருது சார்" என்றார். அது ஒன்றும் புத்தகத்தில் இருக்கிற பதில் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது.

"இப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள்" என்றேன். ஒருவரும் மூடவில்லை. "நாப்பது பேரு இருக்கற எடத்துல கண்ண மூடி எங்களுக்குப் பழக்கம் இல்ல சார்." அடுத்த வாரத்திலிருந்து கண் திறந்தே இருக்கலாம், எதிர்ச் சுவரில் ஒரு இடத்தைப் பார்க்கலாம், முதுகை யாருக்கும் காட்டாமல் சுவரில் சாய்ந்து உட்காரலாம் என்று மாற்றினோம். தியானம் என்ற சொல்லையும் எடுத்தோம். "இது சாமி சம்பந்தப்பட்டதா?" என்று ஒரு பாய் கேட்டார், ஒரு பெந்தெகொஸ்தே தம்பியும் கேட்டான். மூச்சு வகுப்பு என்று அவர்களே பெயர் வைத்தார்கள்.

மூன்றாம் வாரம் ஒருவர் என்னை மடக்கினார். நினைப்பு வேறு, நடப்பு வேறு என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். "நெனப்பு வெறும் நெனப்புதான்றீங்க. எனக்கு வாய்தா நெசம் சார்." பதில் சொல்ல ஒன்றும் இல்லை. அவருக்கு வக்கீல் இல்லை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீலுக்கு மனு எழுதினோம். மனு போன பிறகுதான் அவரால் மூச்சைக் கவனிக்க முடிந்தது. ஜாமீனில் தீரக்கூடிய கவலையை மூச்சில் தீர்க்கப் பார்ப்பது அநியாயம் என்று அன்று புரிந்தது. வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை இப்போதெல்லாம் இதற்கே ஒதுக்கிவிடுகிறோம்.

இதெல்லாம் சில்லறை. எங்கள் சண்டையைத் தீர்த்தது வேறு: நாங்கள் இல்லாத ஆறு நாளும் அது யார் கையில் உயிரோடு இருக்கிறது என்பது.

விபாசனாவில் முகாம் முடிந்து போகும்போது காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் தினமும் உட்காரச் சொல்வார்கள். எனக்கே வெளியில் அது ஒரு மாதம் நின்றது, பிறகு கரைந்துபோனது. உள்ளே எந்த மூலையில், எந்த அமைதியில்? முகாம் நடத்தத் தனி இடம், தனிச் சாப்பாடு, பத்து நாளும் உள்ளேயே தங்கும் ஆசிரியர், ஒத்துழைக்கும் காவலர்கள் வேண்டும். பத்து நாளும் மனு கிடையாது, வாய்தா கிடையாது. திகார் போன்ற பெரிய சிறையில், நிரந்தர மையம் இருக்கிற இடத்தில் இது முடியும். வருடத்துக்கு ஒரு தடவை வந்து போகிற விருந்தாளியாக இருந்தால், பதினோராம் நாள் அவரவர் பழைய இடத்தில் பழைய சத்தத்தோடு இருப்பார்கள்.

எட்டு வார வகுப்பும் இதே கல்லில்தான் முதலில் இடறியது. வீட்டுப் பயிற்சிக்கு வெளியில் ஒலிப்பதிவு கொடுப்போம், போனில் கேட்டுக்கொள்வார்கள். உள்ளே போன் ஏது? அச்சடித்த தாள் கொடுத்தோம். படிக்கத் தெரியாதவர்கள் பலர். அதோடு ஆட்கள் நிற்பதில்லை. முதல் வாரம் வந்தவர்களில் பாதிப் பேர் நாலாம் வாரம் இல்லை. ஒருவர் வழிக்காவல் போலீஸ் வந்து கோர்ட்டுக்குப் போயிருப்பார், ஒருவர் ஜாமீன், ஒருவரை வேறு சிறைக்கு மாற்றியிருப்பார்கள். 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டி வந்த பாரதியைப் பிடித்துக் கடலூர்ச் சிறையில்தான் வைத்தார்கள், டிசம்பர் 14-ல் விட்டுவிட்டார்கள். எங்கள் வகுப்பில் சேர்ந்திருந்தால் அவருக்கும் மூன்று வாரப் பாடம்தான் கிடைத்திருக்கும்.

அதனால் எட்டுப் படிகளை உடைத்தோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் தனியாக நிற்கும். அன்றைக்குத்தான் வருகிறவருக்கும் புரியும், பத்தாவது தடவை வருகிறவருக்கும் அலுக்காது. நாற்பது நிமிடப் பயிற்சிகள் பத்து நிமிடமாகச் சுருங்கின. வகுப்பின் உயிர்நாடியான மூன்று நிமிட மூச்சு இடைவேளையை, கைதிகளை எண்ணிக்கை எடுக்கும் நேரத்தோடு முடிச்சுப் போட்டோம். காலையில் திறக்கும்போது ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் லாக்கப் அடைக்கும்போது ஒரு தடவை. எண்ணிக்கைக்கு எப்படியும் உட்கார்ந்தாகவேண்டும், பேசாமல் இருந்தாகவேண்டும். அந்த மூன்று நிமிடத்தை யாரும் புதிதாகத் தேடிப் பிடிக்கவேண்டியதில்லை. இந்த யோசனை எனக்கு வந்ததில்லை, ஆயுள் தண்டனைக்காரர் ஒருவர் சொன்னது.

அவர் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டில் வேலை பார்த்தவர், நிறையப் பேசமாட்டார். ஆட்கள் வந்து போகிற இடத்தில் போகாதவர்கள் தண்டனைக் கைதிகள்தான் என்பது எங்களுக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. அவரையும் இன்னும் இரண்டு பேரையும் தனியாக உட்காரவைத்து, மூன்று நிமிடத்தை வாய்ப்பாடமாகச் சொல்லப் பழக்கினோம். ஒருவர் திணறினால், அழுதால், உடனே நிறுத்திவிட்டு எழுந்து நடக்கச் சொல்லவேண்டும், வார்டரிடம் தெரிவிக்கவேண்டும் என்பதையும் சேர்த்து. ஒலிப்பதிவு செய்யவேண்டிய வேலையை அவர் குரல் செய்தது.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் அன்று ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். அந்த வாரமும் அடுத்த வாரமும் எங்களால் போக முடியவில்லை. பதினைந்து நாள் கழித்துப் போனபோது எல்லாரும் கலைந்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தெரியாத மூன்று முகங்கள். "புயல் அன்னைக்கு ராத்திரி காத்து சத்தத்துல ஒருத்தனுக்கும் தூக்கம் இல்ல, நாலஞ்சு தடவ சொன்னேன் சார்" என்றார் முந்திரிக்காட்டுக்காரர். புதுசாக வந்தவர்களில் ஒருவர் சிறைக்கு வந்தே ஒரு வாரம்தான். முதல் நாட்கள்தான் ஆபத்தானவை என்று நாங்கள் பயிற்சிகளில் சொல்லிக்கொண்டே இருப்போம். அந்த நாட்களில் நாங்கள் அங்கே இல்லை, முந்திரிக்காட்டுக்காரர் இருந்தார்.

நண்பர் அன்று பஸ்ஸில் திரும்பும்போது சொன்னார்: "சரிய்யா, உன்னுது தாங்குது. ஆனா ஆழம் இல்ல." அதை மறுக்க என்னிடம் சரக்கு இல்லை. பத்து நாள் உட்கார்ந்து எழுந்தவர்கள் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும் என்று அவர் சொல்வதை நானும் வெளியில் பார்த்திருக்கிறேன். மூன்று நிமிடத்தில் அது வராது. ஏழெட்டு வருடம் உள்ளே இருக்கப்போகிற, மனசு ஓரளவு தேறிய தண்டனைக் கைதி ஒருவர் கேட்டால், நிரந்தர மையம் உள்ள சிறையாக இருந்தால், போய் உட்காருங்கள் என்றுதான் சொல்வேன்.

இன்னும் சில இடங்களில் என் அனுபவம் மெலிசு. சாராயம், கஞ்சா நின்று முதல் வாரத்தில் கை நடுங்குகிறவரை வகுப்பில் சேர்த்துப் பார்த்தோம், சரிப்படவில்லை. அது மருத்துவர் வேலை. குரல் கேட்பவர்கள், சந்தேகத்தில் இருப்பவர்கள் யாரையும் சேர்க்கவில்லை. விடுதலையானவர்கள் வெளியே போய்த் தொடர்கிறார்களா என்றால், 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை மனு பார்க்க வரும் குடும்பத்தாரிடம் எழுதிக் கொடுக்கிறோம், அதற்கு மேல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒருவர் மட்டும் திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்துவிட்டு, பெண்டாட்டிக்குத் தெரியாமல், காலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார்.

பெண்கள் பகுதியில் நாங்கள் நடத்தியதே இல்லை. ஆறு வயதுவரை குழந்தையைக் கூட வைத்துக்கொள்ளலாம் என்பதால், அங்கே மூன்று நிமிடம் சத்தமில்லாமல் கிடைக்குமா என்பதே கேள்வி. போன வாரம் கேட்டு எழுதியிருக்கிறோம். இந்தத் தடவை மனுவில் கொண்டைக்கடலையையும் சேர்த்தே எழுதினோம், குழந்தைகளுக்கும் கணக்குப் போட்டு.